அருவிக்கும் வேலை நேரம்

இலங்கையின் தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. புகையில்லாத மின்சாரம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்காக ஆற்று நீரைத் திருப்பிவிட்டதால் சென்கிளேயர் அருவிக்கு, பயணிகள் பார்க்கும் பகல்பொழுதுக்கென்று அளந்து தண்ணீர் விடுகிறார்கள். விமானத்தில் வந்து அதைப் படம் பிடித்து, தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்கு நாலு கொப்பி கொடுத்தவர், தன் கார்பன் கணக்கு நேராகிவிட்டதென்று ரயிலேறுகிறார். விமானமே ஏறாமல் மலையேறிக் கொழுந்து பறிப்பவருக்கு அந்தக் கணக்கில் வரவு கிடையாது. பறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம்தான்.

கொப்பி வேண்டாமா என்பீர்கள். வேண்டும், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை போராட வேண்டியிருந்த வீட்டில் கொப்பிக்குக் காசு ஏன் இல்லை என்பது தானத்தால் தீரும் கேள்வியல்ல. தேயிலைப் பொட்டலத்தில் பச்சை முத்திரை தேடுகிறவர்களே, பறித்தவரின் சம்பளத்தையும் ஒருமுறை விசாரியுங்கள்.