செய்தி சொல்லாமல் ஊர்க்கதை பேசுவது எப்படி?

தெற்குக் கல்கத்தாவின் டாலிகஞ்சில் உட்கார்ந்து சமுதாய வானொலியில் ஊர் விவகாரம் பேச ஆசைப்படுகிறவருக்கு முதல் புத்திமதி: ஊரில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மற்றதெல்லாம் தாராளமாகப் பேசலாம்.

கிண்டல் இல்லை, சட்டமே அப்படித்தான். வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்குக்கு வித்திட்டதே கல்கத்தாதான். 1993-ல் ஹீரோ கோப்பைப் பந்தயங்களை யார் ஒளிபரப்புவது என்று வங்காளக் கிரிக்கெட் சங்கம் மத்திய அரசோடு மல்லுக்கு நின்றதில் பிறந்த தீர்ப்பு அது. 2002-ல் கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்த வழி பிறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாக வானொலியைத் தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களும் உள்ளே வந்தன. டாலிகஞ்சுக்குப் பக்கத்திலேயே ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 2008-ல் 90.8-ல் பேச ஆரம்பித்தது. இத்தனை கதவு திறந்தும் ஒன்று மட்டும் பூட்டியே இருக்கிறது: சமுதாய வானொலி தானாகச் செய்தி திரட்டிச் சொல்லக் கூடாது. வேண்டுமானால் ஆகாசவாணிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். ஆக உங்கள் வேலை, டாலிகஞ்ச்காரர்களோடு டாலிகஞ்சைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது; அதில் செய்தி எதுவும் சிந்திவிடாமல் பார்த்துக்கொள்வது.

கருவியிலிருந்து தொடங்குவோம். உங்களுக்கு அனுமதித்திருக்கும் ஒலிபரப்புத் திறன் 100 வாட், பழைய குண்டு பல்பு மாதிரி. கம்பம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஜாதவ்பூருக்கும் டாலிகஞ்சுக்கும் நடுவே, பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில், உஷா ஆலை இருந்த நிலத்தில் இப்போது 35 மாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. பழைய வீடுகளைப் புரமோட்டர்கள் இடித்துத் தள்ளுவது பற்றி நீங்கள் உருகி உருகிப் பேசும்போது, அந்தப் பேச்சு இப்படி ஏதாவது ஒரு கோபுரத்தில் முட்டிக்கொண்டு மறுபக்கம் கரகரவென்று கேட்கும். கவலைப்படாதீர்கள். உங்கள் கருத்தைக் கரகரப்பு இன்னும் நன்றாகவே எடுத்துச் சொல்லும்.

அடுத்தது காலம், இலக்கணத்தில் வருமே, அந்தக் காலம். இறந்தகாலம் பண்பாடு, எதிர்காலம் விழிப்புணர்வு, நிகழ்காலம் வம்பு. ‘இன்று’, ‘இப்போது’, ‘நேற்று ராத்திரியிலிருந்து’ ஆகிய சொற்களை ஒரு தாளில் எழுதி மைக்குக்கு மேலே ஒட்டி, சிவப்பு மையில் அடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு மாஷிமா, அதாவது வங்காளத்துச் சித்தி, போடும் அழைப்பை இப்படிக் கையாள வேண்டும்:

“ஹலோ தாதா, கேக்குதா?”

“கேக்குது மாஷிமா. முதல்ல உங்க வீட்டு ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க, எதிரொலிக்குது.”

“குறைச்சாச்சு. எங்க சந்துல முழங்கால் தண்ணி. காலையிலேருந்து…”

“காலையிலேருந்துன்னு சொல்ல வேண்டாம் மாஷிமா. பொதுவா மழைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?”

“முழங்கால் தண்ணி.”

“அருமை. சின்ன வயசுல?”

“அப்பவும் முழங்கால்தான். ஆனா அப்ப நான் குள்ளம். தண்ணி என்னோடயே வளந்திருக்கு.”

இதில் நாள், நேரம், குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நினைவலை என்று தலைப்புப் போட்டு ஆவணக் காப்பகத்துக்கே அனுப்பலாம்.

விதியில் ஒரு சலுகையும் உண்டு. மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், நோய் எச்சரிக்கை போன்றவற்றில் உள்ளூர் நிர்வாகம் தருகிற அறிவிப்பு செய்திக் கணக்கில் சேராது. தண்ணீர் நிற்கிறது என்று அலுவலகம் சொன்னால் அறிவிப்பு. அந்தத் தண்ணீரில் நிற்கிறவர் சொன்னால் செய்தி. கடைக்கோடி மனிதனின் குரல் என்று தொடக்க விழாக்களில் முழங்குகிறார்களே, அந்தக் குரல் லெட்டர்ஹெட்டில் வந்தால் தடை ஏதுமில்லை. மாஷிமாவிடம் லெட்டர்ஹெட் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பிறகு இணைப்புக் கொடுங்கள்.

இனி உங்கள் பெரிய ஆயுதம்: வரலாறு. அது எவ்வளவு சூடாக இருந்தாலும் செய்தியாகாது. சாலையில் பள்ளம் என்று யாராவது ஆரம்பித்தால், அந்தச் சாலை யார் பெயரில் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். பிரின்ஸ் அன்வர் ஷா, பிரின்ஸ் குலாம் முகம்மது ஷா எல்லாம் திப்பு சுல்தான் வம்சம். திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள். 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்ததும், கும்பினிக்காரர்கள் குடும்பத்தையே கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்ப, அது டாலிகஞ்ச் பக்கம் நிலைத்தது. அழைத்தவர் தமிழராக இருந்தால் வேலூரிலேயே கால் மணி நேரம் ஓட்டலாம். பள்ளம் பொறுத்துக்கொள்ளும், அதற்குப் பழக்கம்தான்.

கால்வாய் நாறுகிறது என்று அழைப்பு வந்தாலும் இதே மருந்து. தூர்ந்து கிடந்த ஆதிகங்கையைக் கர்னல் வில்லியம் டாலி 1770-களில் தோண்டிச் சீர்செய்து, படகுகளிடம் சுங்கம் வசூலிக்கவும் உரிமை வாங்கினார். அவர் பெயர்தான் ஊருக்கு. அங்கிருந்து நிதானமாக வாருங்கள். டாலிகஞ்சுக்குத் தெற்கே நீட்டிய மெட்ரோவுக்காக அதே கங்கையின் நடுவயிற்றில் தூண் தூணாக நட்டு, 2009-ல் ரயில் விட்ட கட்டம் வருவதற்குள் நேரம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் ஒரு ரவீந்திர சங்கீதம். டிராம் மட்டும் வேண்டாம். தொட்டால் அந்த வாரம் முழுக்க வேறு எதுவும் பேச முடியாது.

குரல் விஷயத்தில் புதுமை செய்யவே கூடாது. டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்துக்கு இப்போது மகாநாயக் உத்தம் குமார் என்று பெயர். இந்த ஊர் சினிமா ஸ்டுடியோக்களில் கொடிகட்டிப் பறந்த அவருக்கே வானொலியில் நேர்ந்த கதி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகாளய அமாவாசை விடியலில் நாலு மணிக்கு ‘மகிஷாசுரமர்த்தினி’ கேட்பது 1930-களிலிருந்து வங்காளிகளின் வழக்கம்; அதில் சண்டி பாராயணம் பிரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல். 1976-ல் ஆகாசவாணி அதை ஓரங்கட்டிவிட்டு உத்தம் குமாரை வைத்துப் புதிதாக ஒன்றை ஒலிபரப்பியது. இசை ஹேமந்த முகர்ஜி. காகிதத்தில் பார்த்தால் தோற்கவே முடியாத கூட்டணி. பொழுது நன்றாக விடிவதற்குள் ஊர் கொதித்துவிட்டது. நெருக்கடி நிலையில், பத்திரிகைத் தணிக்கை நடப்பில் இருந்த ஆண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பத்ராவின் குரல் திரும்பி வந்தது. அவர் 1991-ல் காலமான பிறகும் மகாளய விடியலில் கேட்பது அதையேதான். ஆகவே நீங்களும் தொண்டை கட்டிய அதே ஓய்வுபெற்ற பேராசிரியரையே வாராவாரம் அழையுங்கள். பேச ஆரம்பிக்கும் முன் அவர் மூன்று முறை இருமுவார். வெட்டிவிடாதீர்கள், நேயர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

துர்கா பூஜைக் கமிட்டிச் செயலாளரைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. பந்தலின் கலைச்சிறப்பைப் பேச வந்தவர், ஐந்தாவது நிமிடம் மாவுமில், நகைக்கடை, கேட்டரிங்காரர் என்று புரவலர் பட்டியலுக்குப் போய்விடுவார். மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம், பத்து வினாடிக்கு 74 ரூபாய் என்று 2024-ல் அரசு உயர்த்தியிருக்கிறது. செயலாளர் பேசியதைக் கடிகாரம் வைத்து அளந்து ரசீது நீட்டிப் பாருங்கள். அடுத்த முறை கலைச்சிறப்பு மட்டுமே பேசுவார்.

தமிழுக்கு அரை மணி ஒதுக்குவது நல்லது. தமிழர்கள் தலைமுறைகளாகப் புழங்கும் லேக் மார்க்கெட்டுக்கு டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் இரண்டே நிறுத்தம், காளிகாட்டில் இறங்கி நடக்கலாம். நேயர் பஞ்சம் வராது. வங்காளத்தில் நினைத்துத் தமிழில் சண்டை போடத் தெரிந்த மாமிகள் வரிசையில் நிற்பார்கள். வாழையிலையில் சாப்பிடுவது பண்பாடு, பேசவிடுங்கள். வரலட்சுமி நோன்பன்று இலை என்ன விலை என்று ஆரம்பித்தால் அது நிகழ்கால விவகாரம். கோலத்துக்குப் பேச்சை மாற்றுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆகாசவாணிச் செய்தியை அஞ்சல் செய்ய மறக்காதீர்கள். தெற்குக் கொல்கத்தாவில் மழைநீர் தேங்கியது என்று அதில் ஒரு வரி வந்தால் பதற வேண்டாம், அவர்கள் சொல்லலாம். நீங்கள் அதோடு ஒரு சந்தின் பெயரைக்கூடச் சேர்க்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து மாஷிமா மறுபடி கூப்பிட்டு, தண்ணீர் வடிந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்வார். அதுவும் செய்திதான். நமஸ்காரம் சொல்லிப் பாட்டைப் போட்டுவிடுங்கள்.