மட்டாஞ்சேரிக் கூட்டல்: ஓர் ஆராய்ச்சி

ஆங்கிலத் தேதியை யூதத் தேதியாக மாற்றும் வேலையை இதுவரை கணக்குத் தெரிந்தவர்களிடமே விட்டிருக்கிறோம். அது பொழுது சாய்ந்ததா என்று திண்ணையிலிருந்து எட்டிப் பார்ப்பவரின் வேலை என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. ஆய்வுக்களம், கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெரு. கருவிகள்: ஒரு பேனா, மூன்று சாயா.

ஆண்டில் பெரிய சிக்கல் இல்லை. திருவள்ளுவர் ஆண்டுக்காக 31 கூட்டிப் பழகிய கை, இங்கே 3760 கூட்ட வேண்டும். செப்டம்பரிலோ அக்டோபரிலோ யூதப் புத்தாண்டு மாதமான திஷ்ரி பிறந்துவிட்டால் 3761. இத்தெருவின் யூதத் தொழுகைக்கூடமான பரதேசிப் பள்ளி கட்டப்பட்டது 1568-இல். ஆகவே 5328 அல்லது 5329. இந்த ‘அல்லது’தான் ஆராய்ச்சியாளனுக்குச் சோறு போடுகிறது. அப்பள்ளியின் சுவரில் பழைய கொச்சங்காடிப் பள்ளியின் கல் ஒன்று பதிந்திருக்கிறது. அதன் ஆண்டு 5105. எல்லாரும் 1344 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 5105-இன் பெரும்பகுதி 1345-இல்தான் கழிந்தது. கல் இது பற்றி வாய் திறப்பதில்லை.

மாதமோ பிறைக் கணக்கு. பருவம் தப்பாமல் இருக்க 19 ஆண்டுகளில் 7 முறை அதார் மாதம் இரட்டிக்கும். நமக்கு அப்படி ஆடி இரட்டித்தால் ஜவுளிக்கடைக்காரர்கள் தாங்குவார்களா?

தேதி எழுதும் எபிரேய எண்களுக்குத் தனி உருவம் இல்லை, எழுத்துகளே எண்கள். 15-ஐப் பத்தும் ஐந்துமாக எழுதினால் இறைவன் பெயரின் எழுத்துகள் வந்துவிடும். எனவே ஒன்பதும் ஆறுமாக எழுதுவார்கள். கணவர் ஏழுமலை என்பதால் ‘ஆறும் ஒண்ணும் மலை’ என்று திருப்பதிக்கு வழி சொல்லும் பாட்டிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி மையக் கேள்வி. யூத நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை, சூரியன் மறைந்ததும் பிறக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 என்பது 5707 ஆவ் மாதம் 29. தில்லி நள்ளிரவு மணிக்காகக் காத்திருந்தபோது, மட்டாஞ்சேரிக் கணக்கில் அந்த நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வயதாகியிருந்தது. சுதந்திரம் இவ்வூருக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தது என்று நிறுவலாம். நிறுவிவிட்டேன்.

பள்ளியை ஒட்டி, யூத வணிகர் எசக்கியேல் ரகாபி 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டு நிற்கிறது. ஒரு முகத்தில் எபிரேய எழுத்துகளே எண்கள். அழகான கடிகாரம்தான், ஆனால் நம் ஆய்வுக்கு உதவாது. முள் சூரியனைப் பார்ப்பதில்லை.

இரவு வந்துவிட்டது என்று ஐயமறச் சொல்ல, வானில் மூன்று விண்மீன்கள் தெரிய வேண்டும் என்பது மரபு. நான் போனது கர்க்கடக மழையில். தெருவில் மிளகு மணந்தது, வானத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை. எண்ண முடிந்தது மூன்று சாயாவைத்தான்.