ஊகநீபமஆசி: நினைவுச் சுருக்கங்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

மறதி மாந்தர்க்கெல்லாம் பொது. மறக்காமலிருக்க ஒரு வழியைக் கண்டுபிடித்து, பிறகு அந்த வழியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது மாணவர்க்கே உரிய சிறப்பு. அச்சிறப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்று

கணக்குப் பாடத்தைக் கைவிட்டு முப்பது ஆண்டு கடந்த என் சித்தப்பாவை ஆய்வுப் பொருளாகக் கொண்டேன். "ஆல்..." என்று எடுத்துக் கொடுத்ததும் "சில்வர் டீ கப்ஸ்" என்று முடித்தார். "எதுக்குச் சித்தப்பா இது?" என்றேன். "பரீட்சைக்குடா" என்றார். முதற் காற்பகுதியில் சைன், காஸ், டேன் மூன்றும் நேர்குறி, இரண்டில் சைன் மட்டும், மூன்றில் டேன், நான்கில் காஸ் என்னும் செய்தி அவரிடமிருந்து ஆவியாகிவிட்டது. கோப்பைகள் மட்டும் பளபளவென்று இருக்கின்றன. சுருக்கம் நிற்கும், பொருள் போகும் என்பது இதனால் பெறப்படும்.

வகைப்பாடு

நினைவு உத்திகள் மூவகைப்படும். அவை வாய்வழி, கைவழி, வயிற்றுவழி என்பன.

வாய்வழியே மூத்தது. ஏடு அரிதாயிருந்த காலத்தில் பாட்டைக் கட்டிக்காத்தவை எதுகையும் மோனையும். ஔவையார் ஆத்திசூடியை அகரவரிசையில் அமைத்ததால், அரிச்சுவடி தெரிந்த பிள்ளைக்கு அடுத்த அடியின் முதலெழுத்து இலவசம். வானவில்லின் ஊதா, கருநீலம், நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றை நாங்கள் 'ஊகநீபமஆசி' ஆக்கியதும் இம்மரபே.

இதற்கொரு குறையுண்டு. வாய்வழி நினைவு ஒருவழிப் பாதை, பின்னோக்கி ஓடாது. 'செயல்' என முடியும் குறளை எழுதுக என்று வினாத்தாள் கேட்டால், மாணவன் தனக்குத் தெரிந்த குறளையெல்லாம் முதலிலிருந்து முணுமுணுத்து, எது அப்படி முடிகிறதென்று பார்க்கிறான். ஒரு பாட்டின் ஈற்றை அடுத்த பாட்டின் முதலாக்கி, இச்சிக்கலைத் தீர்க்க அந்தாதி வழி கண்டது. 1330 குறளையும் அந்தாதியாக்கித் தராத வள்ளுவர், தேர்வுத் துறையை எதிர்பார்க்கவில்லை என்று கருத இடமுண்டு.

கைவழியாவது, முஷ்டியை மடக்கி மாதங்களை எண்ணுதல். மேட்டுக்கு 31 நாள். பள்ளத்துக்கு அதற்குக் குறைவு. ஜூலை கடைசி மேட்டில் முடிய, ஆகஸ்ட் மீண்டும் முதல் மேட்டில் தொடங்குவதால் இரண்டுக்கும் 31. பறக்கும் படையினர் பறிமுதல் செய்ய முடியாத ஒரே பிட் இதுதான்.

வயிற்றுவழியாவது வல்லாரைத் துவையலும், கணக்கு வருமென்று ஊட்டப்படும் வெண்டைக்காய்ப் பொரியலும். உண்டது வெண்டைக்காய் என்பது நன்றாக நினைவிருந்தது. பிற விளைவுகள் என் விடைத்தாளில் தென்படவில்லை.

தடை

"சுருக்கம் அழியாதது அன்றோ?" எனின், அன்று. கிரகங்களை நினைவில் வைக்க ஆங்கிலப் பிள்ளைகள் படித்த வாக்கியத்தில் அம்மா ஒன்பது பீட்சா பரிமாறுவார். 2006இல் புளூட்டோ தகுதி இழந்ததும் பீட்சாவும் போயிற்று. அம்மா நூடுல்ஸுக்கு மாறினார்.

மேற்கோள்

ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டு, தாமே மறந்து, அதை அளந்து 1885இல் நூலாக்கினார். 'ஊகநீபமஆசி' கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மறுபடி படிக்கும்போது மிச்சமாகும் உழைப்பே அவருடைய அளவுகோல். ஒரு நாள் கழித்து அது ஏறக்குறைய 34 விழுக்காடு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு வேண்டியது 35 மதிப்பெண். ஒரே ஒரு மதிப்பெண்ணில் போனவர்களின் துயரத்துக்கு ஜெர்மனியிலேயே விளக்கம் இருந்திருக்கிறது.

முடிபு

அதே நூலில் மருந்தும் இருக்கிறது. ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாளுக்குப் பகிர்ந்த 38 முறையிலேயே எபிங்ஹாஸ் பெற்றார். இதைச் சித்தப்பாவிடம் சோதித்தேன். காற்பகுதிகளை ஒரு மாலை வரைந்து காட்டினேன். இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டேன். ஒரு வாரம் விட்டு மீண்டும் கேட்டேன். மூன்றாம் முறை கோப்பையின் பேச்சே எடுக்காமல் நான்கையும் சரியாகச் சொன்னார்.

ஆதலால், தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்க விழித்திருப்பதைவிட, இன்று கொஞ்சம், நாளை கழித்துக் கொஞ்சம் என்று படித்துவிட்டுத் தூங்குவதே மேல் என்க.