கப்பல் உடைந்து வரும் வசதி இல்லாததால்…

பெறுநர்: உயர்திரு விசாப் பிரிவு அதிகாரி அவர்கள், மால்டா குடியரசு.

பொருள்: ஏழு நாள் சுற்றுலா – நாள்வாரிப் பயணத் திட்டமும் திரும்பி வருவதற்கான உறுதிமொழியும் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் விண்ணப்பப் படிவம். 2. அப்போஸ்தலர் நடபடிகள், 27 மற்றும் 28ஆம் அதிகாரங்கள்.

ஐயா / அம்மையீர்,

வரும் அக்டோபரில் நானும் என் மனைவியும் ஒரு வாரம் தங்கள் தீவைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். கேட்டபடி வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, போக வர விமான முன்பதிவு, ஏழு இரவுக்கும் ஓட்டல் முன்பதிவு, காவல் நிலையச் சுவரில் ஒட்டத் தக்க புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். கூடவே ஆளுக்கு 90 யூரோ கட்டணம். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது, விசா கிடைத்தால் நாங்கள் கட்டாயம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று புரிந்துகொண்டோம்.

எந்த நாள் எங்கே இருப்போம் என்று நாள்வாரியாக எழுதச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் ராத்திரிக்கு என்ன டிபன் என்பதே அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் முடிவாகும். இருந்தாலும் அரசாங்க உத்தரவு என்பதால் உட்கார்ந்து தங்கள் தீவின் வரலாற்றைப் படித்தோம். முன்பு வந்தவர்கள் என்னென்ன காகிதம் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் நாங்களும் அதே மாதிரி கொடுத்துவிடலாம் என்ற நல்லெண்ணம்தான்.

முதலில் புனித பவுல். கி.பி. 60 வாக்கில் கைதியாக ரோமுக்குப் போகும் வழியில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கினார். கப்பலில் 276 பேர். ஒருவரிடமும் ஓட்டல் முன்பதிவு இல்லை. தங்கள் முன்னோர்கள் மழைக்கும் குளிருக்கும் நெருப்பு மூட்டி அத்தனை பேரையும் வரவேற்றார்கள். பவுலைப் பாம்பு கடித்தது. அவரிடம் மருத்துவக் காப்பீடும் இல்லை. மூன்று மாதம் தங்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஷெங்கன் பகுதியில் 90 நாள்தான் தங்கலாம் என்ற விதியை, அது பிறப்பதற்குப் பத்தொன்பது நூற்றாண்டு முன்பே அவர் மதித்திருக்கிறார். தங்கள் பதிவேட்டில் இப்படி ஒழுங்காக நடந்துகொண்டவர்கள் வேறு அதிகம் பேர் தென்படவில்லை.

1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடமிருந்து தீவைப் பெற்ற புனித யோவான் சபை வீரர்கள் ஆண்டுக்கு ஒரு வல்லூறு வாடகை கொடுத்து 268 ஆண்டுகள் தங்கினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 1798இல் பிரெஞ்சுப் படையை விரட்ட உதவிக்கு வந்தவர்கள். 1964இல் சுதந்திரம் கொடுத்த பிறகும் கடைசிச் சிப்பாய் கப்பலேற 1979 மார்ச் 31 ஆகிவிட்டது. இவர்களில் யாராவது திரும்பும் டிக்கெட்டைக் காட்டினார்களா என்று ஆவணங்களில் தேடிப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இனி பயணத் திட்டம்.

முதல் இரண்டு நாளும் வல்லெட்டா. துருக்கியரின் பெரும் முற்றுகை 1565இல் முடிந்தது. மறு ஆண்டே அடிக்கல் நாட்டிக் கட்டிய நகரம். பார்க்க வேண்டியது எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம், முழங்கால் ஒத்துழைத்தால். தெருக்களில் பாதி படிக்கட்டுகள். புனித யோவான் பேராலயத்தின் தரை முழுக்கச் சலவைக்கல் கல்லறைகள் என்பதால் ஊசிக்குதி செருப்புக்கு அனுமதி இல்லை என்கிறார்கள். என் மனைவிக்கு அந்தக் கவலை இல்லை, அவளுடைய ரப்பர் செருப்பு உலகத்தின் எந்தத் தரைக்கும் தீங்கு செய்யாது. அங்கேதான் கரவாஜ்ஜோவின் ஓவியம் இருக்கிறது: திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டும் காட்சி, ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம். அவர் தன் பெயரைக் கையெழுத்திட்ட ஒரே படைப்பு. யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே அந்தக் கையெழுத்தும் இருக்கிறது.

இந்த விண்ணப்பதாரரின் கோப்பைத் தாங்கள் அவசியம் படிக்க வேண்டும். 1606இல் ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தலைமறைவு. 1607 ஜூலையில் மால்டா வருகை. பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். சபையில் சேரக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் இந்த ஓவியத்தைக் கொடுத்தார் என்கிறார்கள். 1608 ஜூலையில் வீரர் பட்டம் கொடுத்தீர்கள். அடுத்த மாதமே அடிதடி. சான்ட் ஆஞ்ஜெலோ கோட்டையில் அடைத்தீர்கள். அக்டோபரில் தப்பி சிசிலிக்கு ஓடிவிட்டார். டிசம்பரில், அவர் வரைந்த அதே படத்துக்கு முன்னால் சபை கூடி, அழுகிய உறுப்பை வெட்டுவதுபோல் அவரை நீக்கியது. ஆள் போய்விட்டார், கட்டணம் மட்டும் சுவரிலேயே இருக்கிறது, அதைப் பார்க்க நாங்கள் டிக்கெட் வாங்கி வருகிறோம். கட்டிய கட்டணம் திரும்பாது என்ற விதியின் தொன்மை எங்களுக்கு அங்கேதான் விளங்கும்போலும்.

மூன்றாம் நாள் பாவ்லா ஊரில் ஹால் சாஃப்லியெனி நிலத்தடிக் கல்லறைக் கோயில். 1902இல் வீடு கட்டத் தொட்டி தோண்டியவர்கள் கண்டுபிடித்தது. ஐயாயிரம் ஆண்டுக்கு முன் பாறையைக் குடைந்து மூன்று தளமாக இறங்கியிருக்கிறார்கள். ஏழாயிரம் பேர் வரை அங்கே அடக்கமாகியிருக்கலாம் என்பது கணக்கு. இப்போதோ ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. எங்கள் மூச்சுக் காற்று சுவரின் செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடுமாம். நியாயம்தான். ஆனால் அந்த டிக்கெட்டைப் பல வாரம் முன்பே வாங்கிவிட வேண்டும். விசாவோ எப்போது கையில் கிடைக்கும் என்று கடவுளுக்கும் தங்களுக்கும்தான் தெரியும். டிக்கெட் இருந்தால்தான் திட்டத்தில் எழுத முடியும், விசா இருந்தால்தான் டிக்கெட் வாங்கத் துணிவு வரும். ஏழாயிரம் பேரும் எந்த வரிசையில் விண்ணப்பித்தார்கள் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

நான்காம் நாள் இம்தினாவும் மோஸ்தாவும். இதற்கு மணி வாரியாகத் திட்டம் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். வல்லெட்டாவிலிருந்து அந்தப் பக்கம் போன ரயிலை 1931இலேயே நிறுத்திவிட்டீர்கள். 27 கிலோமீட்டர் நீளமுள்ள தீவில் இன்று நாலு லட்சத்துக்கும் மேல் வாகனங்கள். அதன் நடுவே பேருந்து எப்போது வரும் என்று யார் கையெழுத்திட்டுத் தருவார்கள்? போதாக்குறைக்குப் பல தேவாலயங்களின் முகப்பில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று சரியான நேரம், மற்றது சாத்தானைக் குழப்ப என்று ஊரார் சொல்கிறார்கள். குழம்புவது சாத்தான் மட்டுமாக இருக்காது. மோஸ்தாவின் மாபெரும் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு 1942 ஏப்ரல் 9 அன்று ஒரு ஜெர்மன் குண்டு உள்ளே விழுந்தது. கூடியிருந்த ஜனங்களுக்கு நடுவே விழுந்தும் வெடிக்கவில்லை. வந்த வழி, வந்த நோக்கம் இரண்டும் சரியில்லாத அந்த விருந்தாளிக்குக்கூட ஒரு நகல் செய்து வைத்து மரியாதை செய்கிறீர்கள்.

ஞாயிறு மர்சாஷ்லொக் மீன் சந்தை, கண் வரைந்த படகுகள், பட்டாணி வைத்த பாஸ்டிட்ஸி. முயல் குழம்பு எனக்கு மட்டும். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கொமினோ தீவின் நீலக் காயலுக்கு 2025 முதல் முன்பதிவு செய்துவிட்டு வர வேண்டும், ஒரே நேரத்தில் 4,000 பேருக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறீர்கள். ஐந்தரை லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு 2024இல் மட்டும் 35 லட்சம் பேர் வந்து போனால் வேறு என்ன செய்வது. இருந்தாலும் எண்ணிக்கை வரம்பில் ஒரு ஆபத்து உண்டு. 1798 ஜூனில் நெப்போலியன் என்பவர் எகிப்துக்குப் போகும் வழியில் கப்பல்களுக்குத் தண்ணீர் கேட்டார். ஒரு தடவைக்கு நான்கு கப்பல்தான் என்று சபைத் தலைவர் விதியைக் காட்டினார். கோபித்துக்கொண்ட நெப்போலியன் தீவையே எடுத்துக்கொண்டார். ஒரே வாரத்துக்குள் சபையை வெளியேற்றி, அடிமை முறையையும் பிரபுக்களின் பட்டங்களையும் ஒழித்து, தேவாலய வெள்ளியை மூட்டை கட்டி, 19ஆம் தேதி கப்பலேறிவிட்டார். மால்டாவுக்கு ஏழு நாள் போதுமா என்று எங்கள் திட்டத்தின் மேல் தங்களுக்குச் சந்தேகம் எழுந்தால் இதையே முன்னுதாரணமாகக் கொள்ளலாம். வெள்ளி விஷயத்தில் மட்டும் நாங்கள் அவரைப் பின்பற்ற மாட்டோம். எங்கள் பெட்டிக்கு 23 கிலோதான் அனுமதி.

சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2014 முதல் ஆறரை லட்சம் யூரோவும் அதற்கு மேல் வீடு, பத்திரம் என்று முதலீடும் போட்டவர்களுக்குத் தங்கள் நாடு பாஸ்போர்ட்டையே கொடுத்துவந்தது. விதிகள் மாறின, விலை மாறியது; கடைசியில் 2025 ஏப்ரல் 29 அன்று குடியுரிமையை விற்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை வாங்கியவர்களிடம் தங்கள் கவலை, தீவில் கொஞ்சமாவது தங்குவார்களா என்பது. எங்களிடம் தங்கள் கவலை, தங்கிவிடுவோமோ என்பது. நான் போட்ட கணக்கில் இரண்டு கவலைக்கும் நடுவே உள்ள தூரம் 6,49,910 யூரோ.

கடைசியாகக் கோசோ தீவு. ஜிகாந்தியா கோயில்கள் எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்தவை என்பதால் அவற்றுக்கு ஒரு காலைப்பொழுது. 2017 மார்ச் 8 புயலில் இடிந்து கடலில் விழுந்த நீலச் சாளரம் என்ற பாறை வளைவைத் திட்டத்தில் சேர்க்கவில்லை. பழைய படங்களை நம்பிச் சேர்த்தவர்களைத் தாங்கள் இந்நேரம் பிடித்திருப்பீர்கள். ராம்லா கடற்கரைக்கு மேலே உள்ள குகையில்தான் கிரேக்கக் காவியத்தில் வரும் கலிப்சோ ஒடிசியஸை ஏழு ஆண்டு வைத்திருந்தாள் என்பது கோசோக்காரர்களின் உரிமை கோரல். ஏழு நாள் எங்கே, ஏழு ஆண்டு எங்கே என்று தாங்கள் அஞ்சுவது புரிகிறது. என் மனைவி கூடவே வருகிறாள் என்பதை நினைவூட்டுகிறேன். அதோடு குளிர்பெட்டியில் இட்லி மாவு இருக்கும். எங்கள் வீட்டுப் பத்திர நகலைவிட அதுவே வலுவான பிணைப்பு.

திரும்பி வருவதற்குச் சான்று கேட்கும் மேலிடத்துக்கு ஒரு யோசனை. சிர்கெவ்வாவிலிருந்து கோசோவுக்குப் போகும் வாகனப் படகில் ஏறும்போது யாரும் காசு கேட்பதில்லையாம். கோசோவிலிருந்து கிளம்பும்போதுதான் இரு வழிக்கும் சேர்த்துக் கட்டணம். உள்ளே வருகிறவனிடம் ஒரு கேள்வியும் இல்லை. வெளியே போக ஆசைப்படுகிறவன் தானாகவே பணத்தை எடுத்து நீட்டுகிறான். இவ்வளவு நல்ல முறையைத் தங்கள் நாட்டுப் படகுத் துறையிலேயே வைத்துக்கொண்டு, விசாப் பிரிவு ஏன் இத்தனை காகிதத்தைச் சுமக்கிறது? எங்கள் 180 யூரோவையும் ஊர் திரும்பும் அன்று விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டாமல் எங்களை வெளியே விட வேண்டாம். அதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர் (திரும்பி வரும் உத்தேசத்துடன்)