சீலிங்கும் ஒரு வண்டும்

கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவிலுள்ள தேற்றாத்தீவில் பழைய குளியலறையைப் புதுப்பிக்கிறவர் முதலில் அண்ணாந்து பார்ப்பது நல்லது. சீலிங் பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருக்கும். அதை நனைத்து, உடையாமல் முழுதாகக் கழற்ற வேண்டும். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் நெஞ்சுக்குள் போகும். ஓடாவியாரோ சுத்தியலைத்தான் எடுப்பார். “எத்தின வருசமா உடைக்கிறன் தம்பி, எனக்கு என்ன வந்த?” சொல்லி முடிக்கும் முன் இருமல் வந்துவிடும்.

பதிலுக்கு ஈரம் தாங்கும் ஜிப்சம் போர்டு அடிக்கலாம். சாதாரண ரகம் ஈரத்தை உறிஞ்சி, ஒரு மாரிக்குள் தொப்பை போட்டுவிடும்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2018இலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதிக்குத் தடை என்றது. 2017 டிசெம்பரில், நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா, நமது தேயிலைப் பொதியில் ஒரு வண்டைக் கண்டது, தேயிலையை நிறுத்தியது. கொழும்பு தடையைத் தள்ளிப்போட்டது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைக்கு வழி திறந்தது.

தேயிலைக்குள்ள செல்வாக்கு நுரையீரலுக்கும் வேண்டுமென்றால், அதையும் ஏற்றுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்போல.