மாமி கணக்கில் பாம்புக்கு வயசு

திருவண்ணாமலையில் பாம்பு வாய்க்கு வாய் வளரும். ஆடியில் எங்கள் தெருவுக்கு ஒரு சாரைக்குட்டி வந்தது. ஒரு முழம் நீளம், சுண்டுவிரல் பருமன். செய்தி டீக்கடையை எட்டும்போது அதற்கு ஆறடி. பூக்கார அம்மாவிடம் வந்ததும் படம் எடுத்துவிட்டது. சாயங்காலம் எதிர்வீட்டு மாமி சொல்கையில் நூறு வயதாகி, தலையில் மயிரும் முளைத்திருந்தது. தீயணைப்புக்காரர் வந்து அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டு போனார். கூட்டத்துக்கு ஏமாற்றம்.

மாமியின் சித்தாந்தம் தனி. "யாரையும் கடிக்காம இருந்தா விஷம் உள்ளேயே இறுகி மாணிக்கமாயிடும்டா. உடம்பு குறுகிண்டே வந்து, கடைசியில பறந்துடும்." அதாவது, வருங்கால வைப்பு நிதி போல. இடையில் எடுக்காமல் இருந்தால் மொத்தமாகக் கிடைக்கும்.

நிஜத்தில் நல்லபாம்புக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பன்னிரண்டிலிருந்து முப்பது முட்டை வரை இடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரியும். வெளியே வந்த அன்றே படமும் உண்டு, விஷமும் உண்டு. கண்ணாடி விரியனோ முட்டையே இடாது, நேராகக் குட்டிதான். தோட்டத்தில் ஒருமுறை பார்த்த பாம்புக்கு, "கண்புரை விழுந்த கிழம், பாவம்" என்று மாமி உச்சுக்கொட்டினார். சட்டை உரிக்கப்போகும் எந்தப் பாம்புக்கும் சில நாள் கண் வெளுத்து மங்கும். வளர்கிற வயதில்தான் அடிக்கடி உரிக்கும். ஆகவே மாமி இரக்கப்பட்ட கிழத்துக்கு அரும்பு மீசை வயதாகவும் இருந்திருக்கலாம்.

எங்கள் ஊர் மலையிலுள்ள விரூபாட்சி குகையில் பாம்புகள் நடமாடியபோது, அவற்றின் இடத்துக்கு நாம்தான் வந்திருக்கிறோம் என்றாராம் ரமணர். அந்த ஊரில் பிறந்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் பாம்பு வளர்க்க ஆசை. நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே தள்ளும் என்றேன். "இது ஆப்பிரிக்கா பைத்தான் மாமா, அரசாங்கத்துல பதிஞ்சா போதும்" என்றான். கூடவே ஒரு சேதி: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில், அறுபது வயது தாண்டிய அந்த இனத்துப் பாம்பு ஒன்று, பல வருடமாக ஆண் வாடையே இல்லாமல் 2020இல் ஏழு முட்டை இட்டதாம்.

"அண்ணாமலையாரை வேண்டிண்டிருக்கும்" என்றார் மாமி, கொஞ்சமும் அசராமல். பிறகு அவனிடம் கேட்டார்: "நீ வாங்கறது எத்தனை வருஷம் இருக்கும்?"

"நல்லா பாத்துக்கிட்டா முப்பது வருஷம் இருக்கும் மாமி."

"முப்பதா? அப்போ ஜாதகத்தோட இதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுடா உங்க அம்மாவை."