பெருக்கப் பெருக்கப் பெருகும்

வலது பக்கக் கீழ் மூலையில் அது மறுபடியும் எழும்பி நிற்கிறது. 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள் உள்ளன' என்கிறது. நேற்றும் 5தான், போன வாரமும் 5தான். இத்தனை கட்டுப்பாடான குடும்பத்தை வெளியேற்ற மனசே வரவில்லை. இருந்தாலும், வீட்டுக் கம்ப்யூட்டரில் குடியேறிவிட்ட உளவு சாஃப்ட்வேர்களையும் பாப்-அப் பிசாசுகளையும் விரட்ட ஐந்து எளிய வழிகளைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஐந்தையும் வரிசையாகச் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு சின்ன விஷயம். இந்த மூலைப் பெட்டியை மூடுவது எப்படி? 'அதன் தலையில் பெருக்கல் குறி இருக்கிறதே, அழுத்த வேண்டியதுதானே' என்பீர்கள். நீங்களும் அழுத்தி அழுத்தி ஓய்ந்தவர்தான் என்பதால், அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. 'வேண்டாம்' என்ற சொல்லைக் கம்ப்யூட்டரிலிருந்து எப்போதோ கழற்றி எடுத்துவிட்டார்கள், அதன் படத்தை மட்டும் நம் திருப்திக்காக மாட்டிவைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் துப்புரவு எங்கிருந்து வரும்?

தமிழில் பெருக்குவது இரண்டு வகை. துடைப்பத்தால் பெருக்கினால் குறையும்; வாய்ப்பாட்டில் பெருக்கினால் கூடும். நாம் துடைப்பத்தை நினைத்துக்கொண்டு அந்தக் குறியை அழுத்துகிறோம், அது வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறது. ஒன்றை மூடினால் இரண்டு, இரண்டை மூடினால் நாலு. அதில்தான் எத்தனை ரகம்! படக்குறி என்று ஒன்று: விளம்பரமே முழுக்க ஒரு படம், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியும் அதில் வரைந்ததுதான். காலண்டர் பிள்ளையார் கையில் இருக்கும் கொழுக்கட்டையை எடுத்துத் தின்ன முடியுமா? எங்கே தொட்டாலும் கடைக்குள் கொண்டுபோய் விடும். கடுகுக்குறி: சாம்பல் பின்னணியில் சாம்பல் நிறத்தில், மௌஸ் அம்பின் நுனியைவிடச் சின்னதாக இருக்கும், இம்மி பிசகினால் விளம்பரம் திறந்துகொள்ளும், பிசகவைப்பதுதான் அதற்குச் சம்பளமே. காத்திருப்புக்குறி: 5, 4, 3 என்று ராக்கெட் விடுவதுபோல எண்ணிக்கொண்டு வந்து, 1க்குப் பிறகு பெருக்கல் குறியாகாமல் இரட்டை அம்பாக மாறி, மறுபடி 5இலிருந்து தொடங்கும். நழுவல்குறி: அழுத்தப் போகிற கணத்தில் பக்கம் ஓர் அங்குலம் கீழே இறங்கும், குறி இருந்த இடத்தில் 'இப்போதே வாங்குங்கள்' வந்து உட்கார்ந்திருக்கும். கேள்விக்குறி என்றும் ஒன்று உண்டு, இலக்கணத்தில் வருவது அல்ல: மூடியதும் 'ஏன் மூடினீர்கள்?' என்று நாலு காரணங்களை நீட்டும். நாலும் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெட்டியை மூட இன்னொரு பெருக்கல் குறி. 2017இல் ஒரு சீன ஷூ விளம்பரம், போன் திரையில் தலைமுடி விழுந்து கிடப்பதுபோல ஒரு கோடு வரைந்தது. தட்டிவிடப் போன விரல் நேராகக் கடைக்குப் போயிற்று. இவர்கள் எல்லாம் சில்லறை வியாபாரிகள். மொத்த வியாபாரி என்றால் மைக்ரோசாஃப்ட்தான். விண்டோஸ் 7, 8 வைத்திருந்தவர்களை 10க்கு மாறச்சொல்லி ஒரு பெட்டி வந்து வந்து நின்றதே, 2016 மே மாதத்தில் அதன் பெருக்கல் குறியை அழுத்தினால், குறித்த நேரத்தில் மாறச் சம்மதித்துவிட்டதாகக் கணக்கு. பந்தியில் 'போதும்' என்று இலைக்கு மேல் கை நீட்டியவருக்கு, கை நீட்டியதாலேயே இன்னும் இரண்டு கரண்டி சாதம் தட்டியதுபோல. ஊரே கூச்சல் போட்ட பிறகு ஜூன் கடைசியில் மறுப்பதற்கென்று தனியாக ஒரு பொத்தான் வைத்தார்கள்.

இந்தப் பாப்-அப் ஜன்னலுக்கு நிரல் எழுதியவர் என்று அறியப்படுபவர் ஈத்தன் சக்கர்மேன். 1990களில் ட்ரைபாட் என்ற இணைய நிறுவனத்தில் இருந்தார். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஓர் ஆபாசப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ள, கார்க்காரர்கள் குதித்தார்கள். அந்தப் பக்கத்துக்கும் இந்த விளம்பரத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று காட்டத் தனி ஜன்னல் திறந்தார். 2014இல் 'தி அட்லாண்டிக்' இதழில் மன்னிப்பும் கேட்டார். நல்ல மனிதர். ஆனாலும் ஒரு கார் கம்பெனியின் மானத்துக்கு உலகம் கொடுத்துவரும் விலை கொஞ்சம் அதிகம்.

'ஊரைத் திட்டி என்ன பயன்? நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தியது யார்?' என்று கேட்கும் அறிவாளி வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். நியாயமான கேள்விதான். மூலைப் பெட்டியும் பெரும்பாலும் வைரஸே அல்ல. 'ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்' என்ற ஏதோ ஒரு பக்கத்துக்கு நாம் பணிந்ததன் பலன்தான், பிரவுசர் நோட்டிஃபிகேஷனாக வந்து நிற்கிறது. மனிதப் பிறவி என்று நிரூபிக்க ஆசைப்பட்டது ஒன்றுதான் நாம் செய்த குற்றம். ஆனால் அழுத்தியது எல்லாம் சம்மதம் ஆகிவிடுமா? ஜாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அப்டேட் செய்தால் 'ஆஸ்க் டூல்பார்' கூடவே வந்த காலம் ஒன்று இருந்தது; டிக்கை அவர்களே போட்டு வைத்திருப்பார்கள். அப்டேட் எதற்கு? பாதுகாப்பு ஓட்டையை அடைக்க. பூட்டு மாட்ட வந்த ஆசாரி, போகும்போது தன் மைத்துனரைத் திண்ணையில் விட்டுவிட்டுப் போவதுபோல. அந்த மைத்துனரும் உடனே உள்ளே வரமாட்டார். ஜாவா ஏறி முடிந்து பத்து நிமிடம் பதுங்கியிருந்துவிட்டுத்தான் ஏறுவார் என்று 2013இல் ஒரு பத்திரிகையாளர் சோதித்துப் பார்த்து எழுதினார். சந்தேகப்பட்டுக் கையோடு கன்ட்ரோல் பேனலைத் திறந்தவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது. நிம்மதியாகக் காபி குடிக்கப் போய்விடுவார். முறையாகச் சம்மதம் வாங்கியவருக்குப் பத்து நிமிடம் ஒளிந்திருக்கும் வேலை எதற்கு? சரி, எந்த நெக்ஸ்ட்டையும் அழுத்தாதவர் நிலைமை? லெனோவோ 2014இல் விற்ற சில லேப்டாப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர சாஃப்ட்வேர் கம்பெனியிலேயே ஏற்றப்பட்டிருந்தது. பாதுகாப்பான இணைப்புக்கு நடுவிலும் புகுந்து விளம்பரம் செருகுவது அதன் தொழில். அதற்காக எல்லா லேப்டாப்புக்கும் ஒரே சாவியை வைத்திருந்தது. 2015 பிப்ரவரியில் குட்டு வெளிப்பட்டது. இங்கே அறிவாளி எந்தப் பொத்தானைக் குறை சொல்வார்? பவர் பட்டனையா?

இதையெல்லாம்விட எரிச்சலூட்டுவது இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர். ஆன்டிவைரஸ் பட்டியலில் இவை உளவாளி என்றோ திருடன் என்றோ வருவதில்லை. 'விரும்பப்படாததாக இருக்கக்கூடிய நிரல்' என்று வருகின்றன. கரப்பானை யாராவது 'விரும்பப்படாததாக இருக்கக்கூடிய சமையலறை உயிரினம்' என்பார்களா? இந்தப் பணிவுக்குப் பின்னால் இருப்பது வக்கீல் நோட்டீஸ் பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு: விளம்பர சாஃப்ட்வேர் பரப்பியதற்காக 2006இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்திடம் 30 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்ட ஸாங்கோ கம்பெனி, அடுத்த வருஷமே தன்னைத் தடுத்ததற்காக ஆன்டிவைரஸ் கம்பெனியான காஸ்பர்ஸ்கை மேல் வழக்குப் போட்டது. பிழைப்பைக் கெடுத்துவிட்டார்களாம். 2009இல் மேல்முறையீட்டிலும் தோற்றது என்பது வேறு விஷயம்.

'அப்படியானால் ஒரு க்ளீனரைப் போட்டுப் பெருக்கிவிடு' என்பது அடுத்த ஆலோசனை. 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' போன்ற போலிகளும் பெருக்கித் தருவதாகத்தான் சொல்லிக்கொண்டன. இல்லாத வைரஸை எண்ணிக்காட்டிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏமாற்றியதாகத் தொடர்ந்த வழக்கில், 2012இல் அமெரிக்க நீதிமன்றம் 16 கோடியே 30 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. போலிதானே, அசலை வாங்கு என்பீர்கள். 2017இல் சிகிளீனரின் 5.33 பதிப்பில் கிருமி கலந்து, தயாரித்தவர்கள் வழியாகவே சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. சிகிளீனரை அப்போதுதான் வாங்கியிருந்த அவாஸ்ட், ஊரறிந்த ஆன்டிவைரஸ் கம்பெனி. அதன் மேலேயே, வாடிக்கையாளர்கள் எந்தெந்தத் தளத்தைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை விற்றதாக அதே வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2024இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டவைத்தது. ராத்திரி முழுக்க விசில் ஊதிய கூர்க்கா, எந்த வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று காலையில் ஜெராக்ஸ் போட்டு விற்றால் எப்படி இருக்கும்? 'ஃபார்மட் அடித்துவிடு' என்கிறவர்களும் உண்டு. அடித்த பிறகு, ஒரு பிடிஎஃப்பைத் திறக்க ஏதாவது வேண்டும். தேடிப்போன பக்கத்தில் பச்சைப் பசேலென்று மூன்று டவுன்லோட் பொத்தான்கள் இருக்கும். உண்மையானது நாலாவது, பொத்தானே இல்லாத ஒல்லி எழுத்து. லினக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்கிறவர்களோடு நான் விவாதிப்பதில்லை. அவர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

ஆக, ஐந்து வழிகள். முதல் வழி: கன்ட்ரோல் பேனலில் 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' திறந்து, பட்டியலை இன்ஸ்டால் ஆன தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் ஏறியவை எல்லாம், ஒரே பஸ்ஸில் வந்திறங்கிய சொந்தக்காரர்கள் மாதிரி, பெட்டி படுக்கையோடு சேர்ந்து நிற்கும். நீங்கள் அழைத்தது ஒருவரை. மற்றவர்கள் அவருடைய ஒன்றுவிட்டவர்கள். 'ஹெல்பர்', 'அசிஸ்டன்ட்', 'ஆப்டிமைசர்' என்று பெயர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அன்இன்ஸ்டால் அழுத்துங்கள். கண்ணீர் விடும் முகம் ஒன்று வரும். அதன் கீழே 'நீக்குவதை ரத்து செய்ய வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள்: பெரிதாகப் பச்சையில் 'ரத்து செய்', சின்னதாகச் சாம்பலில் 'வேண்டாம்'. எதை அழுத்தினால் அது போகும் என்று கண்டுபிடித்துவிட்டால் இரண்டாவது வழிக்குப் போய்விடலாம். மேல் மூலையில் ஒரு பெருக்கல் குறியும் இருக்கிறது.